சோறு எங்கிருந்து வந்தது?

சென்ற மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த அரிசி எந்த ஊர் அரிசி?" என்று கேட்டாள். பள்ளியில் ஏதோ வேலை கொடுத்திருக்கிறார்களாம். ஒரு நாள் வீட்டுச் சாப்பாட்டில் எது எது எங்கிருந்து வருகிறது என்று எழுதிக்கொண்டு போக வேண்டும்.

எனக்குத் தெரியவில்லை. மளிகைக் கடைக்காரரை போனில் கூப்பிட்டுக் கேட்டேன். அரிசி ஆந்திரா, துவரம்பருப்பு வடக்கே இருந்து, பல்லாரி வெங்காயம் மகாராஷ்டிரா என்றார். தக்காளியும் கத்தரிக்காயும் எங்கே விளைந்தவை என்று அவருக்கே தெரியவில்லை; வண்டியில் வருகிறது, இறக்குகிறோம் என்றார். மீன் குளச்சல் மீன். தேங்காய் கொல்லைப்புற மரத்தில் விழுந்தது. வாழைப்பழம் நம்ம ஊர் மட்டிப்பழம். அவ்வளவுதான். பேத்தி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். நாஞ்சில் என்றால் கலப்பை என்று பொருள். கலப்பையின் பெயரை வைத்துக்கொண்ட நாட்டில் உட்கார்ந்து ஆந்திரா அரிசி தின்கிறோம் என்று நான் சொன்னதையும் எழுதப் போனாள்; அது வேண்டாம் என்று தடுத்தேன்.

அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சரித்திர ஆசிரியன் இல்லை, ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தாள் கையில் வந்தால் அதற்கு முந்தின தாள் எங்கே என்று தேடுவான். அப்படித் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. இங்கே புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு, நாகர்கோவில்காரனுக்குப் பிரெஞ்சு எப்படி என்ற சந்தேகம் வரும். என் அப்பா பாண்டிச்சேரியில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதப் போனவர். நான் அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே வரை படித்தேன். லுவார் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் கலக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் பழையாறு மணக்குடியில் கடலில் சேர்கிறது என்பதை 1967-இல் குடும்பத்தோடு ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிறகு எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, வேலையில் சேர்ந்து, தட்டுத்தடுமாறித் தமிழில் குறிப்பு எழுதப் பழகியதெல்லாம் தனிக் கதை.

பள்ளியில் மதியச் சாப்பாட்டில் சில நாள் ஒரு சூப் வரும். கண்ணாடி மணி போன்ற உருண்டைகள் அதில் மிதக்கும். தபியோகா என்பார்கள். பிரான்சிலிருந்து கப்பலில் வரும் உயர்ந்த பொருள் என்று நினைத்துக்கொண்டு மரியாதையோடு குடித்தேன். ஊருக்கு வந்த முதல் வாரம் ஆச்சி, வெந்த கிழங்கையும் சாளைமீன் கறியையும் முன்னால் வைத்தாள். "தின்னுலே மக்கா, மரச்சீனி" என்றாள். பாடப் புத்தகத்தில் மன்யோக் என்று படம் போட்டிருந்த செடியின் கிழங்கு அதுதான் என்றும், அந்தக் கண்ணாடி உருண்டை அதன் மாவிலிருந்து செய்வது என்றும் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

மரச்சீனி நம் ஊர்ச் செடி இல்லை. பிரேசில் தேசத்தது. போர்த்துக்கீசியர் மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். ஆனால் அது திருவிதாங்கூரில் ஏழைகளின் சாப்பாடாக வேரூன்றியது விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில். 1880 முதல் 1885 வரை ஐந்தே வருஷம் ஆண்டவர். செடி கொடிகளில் பித்துப் பிடித்தவர் என்றே சொல்லலாம். அரிசி விளையாத மேட்டு நிலத்திலும் விளையும், மழை பொய்த்தாலும் பிழைக்கும், அறுவடைக்கு நாள் பார்க்க வேண்டாம், தேவைப்படும்போது பிடுங்கிக்கொள்ளலாம் என்பதால் அவர் இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லிப் பரப்பினார். சனங்கள் விஷம் என்று பயந்தார்களாம். பயத்தில் நியாயம் உண்டு. சில இனங்களில் சயனைடு விஷம் கூடுதல். துண்டு போட்டு நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அரண்மனையிலேயே வேகவைத்து ராஜா தின்று காட்டினார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கதையை வேறு ஆட்களை வைத்து ஏற்கெனவே படித்திருக்கிறேன். 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்தாரே லாபூர்தொனே, புதுச்சேரியில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது, அவர் அதற்கு முன்பு மொரீஷியஸ் தீவின் ஆளுநர். தீவுக்கு மன்யோக் கொண்டுவந்து ஒவ்வொரு தோட்டக்காரரும் கட்டாயம் நட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தோட்டக்காரர்கள் அதை வெறுத்து, செடியின் வேரில் வெந்நீர் ஊற்றி அழித்தார்களாம். ஆளுநரின் மேசையிலேயே அந்த மாவு ரொட்டியைப் பரிமாறினார்கள் என்றும் கதை. பாரிசில் பர்மான்தியே என்பவர் உருளைக்கிழங்கு வயலுக்குப் பகலில் மட்டும் காவல் போட்டு, இரவில் சனங்கள் திருடிப்போக விட்டார் என்பது இன்னொரு கதை. எந்தக் கிழங்கு வந்தாலும் ஒரு ராஜாவோ அதிகாரியோ தின்று காட்ட வேண்டியிருக்கிறது போலும். என் அபிப்பிராயம், ராஜா தின்றதைப் பார்த்து யாரும் தின்னவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சமைத்ததைப் பார்த்துத்தான் தின்றிருப்பார்கள். கிழங்கோடு சேர்ந்துகொள்ளக் கடற்கரையில் மீன் இருந்தது. வெறும் மாவுச்சத்துக் கிழங்கையும் புரதம் நிறைந்த சாளையையும் ஒரே தட்டில் சேர்த்தது எந்த நிபுணரும் அல்ல. குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் தலைச்சுமையாய் மீன் கொண்டுவந்து, உள்ளூர்களில் வீடு வீடாக விற்ற பெண்களும், அதை வாங்கிய பெண்களும்.

ஆனால் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் மரச்சீனியைக் கொஞ்சம் கீழாகத்தான் பார்த்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலுகாவும் நெல் நாடு. கல்குளமும் விளவங்கோடும் கிழங்கு நாடு. கிழங்கு தின்கிற வீட்டில் பெண் எடுக்கலாமா என்று யோசித்த காலம் உண்டென்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்றால், தண்ணீரிலிருந்து.

நமக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து ஒன்று. தமிழ்நாட்டில் இந்த வரம் எல்லா மாவட்டத்துக்கும் கிடையாது. அதனால் இரண்டு பூ. கன்னி மாதம் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதம் அறுப்பது கும்பப்பூ. மற்ற ஊர்களில் குறுவை, சம்பா என்பதை நாங்கள் மலையாள மாதத்தின் பெயரால் சொல்வோம். பரளியாற்றை மறித்து அந்தத் தண்ணீரைப் பழையாற்றுப் பக்கம் திருப்பிவிட்டது பாண்டியன் அணை. அனந்தனார் கால்வாய் பின்னால் வந்தது. ஊருக்கு ஊர் குளம். ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு மறுகால் போகும். இதெல்லாம் இருந்தும் கும்பப்பூ சில வருஷம் கைவிட்டுவிடும். அதற்காகக் கட்டியது பேச்சிப்பாறை அணை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். கட்டிய இஞ்சினியர் மிஞ்சின் துரை அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். 1950களில் பெருஞ்சாணி, அதற்குப் பிறகு சிற்றாறு அணைகள். இவ்வளவும் ஒரே நோக்கத்துக்கு: திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குச் சோறு போட வேண்டும்.

போடவும் செய்தது, ஆனால் போதவில்லை. அங்கேதான் கதையின் முடிச்சு. வடக்கே ராஜ்யம் முழுக்கத் தென்னை, மிளகு, ரப்பர், தேயிலை. கயிறும் கொப்பரையும் ஆலப்புழைத் துறைமுகத்தில் ஏறும். அதே துறைமுகத்தில் பர்மா அரிசி இறங்கும். ராஜ்யம் தின்ற அரிசியில் பாதிகூட ராஜ்யத்தில் விளையவில்லை. விற்கிற சரக்குக்கு நல்ல விலை இருந்தவரை இது புத்திசாலித்தனமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் நின்றது. கயிறு வாங்க ஆள் இல்லை, அரிசி விற்கவும் ஆள் இல்லை. 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் செத்ததை உலகம் பேசுகிறது. அதே சமயம் ஆலப்புழை, சேர்த்தலைப் பக்கத்தில் கயிறு திரித்துப் பிழைத்தவர்கள் பட்டினியிலும் அதன்பின் வந்த நோயிலும் செத்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கே.ஜி.சிவசாமி என்பவர் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

நாஞ்சில் நாட்டில் யாரும் பட்டினியால் சாகவில்லை என்று ஆச்சி சொல்வாள். ஆனால் அவள் அந்த வருஷங்களைப் பெருமையோடு சொன்னதே இல்லை. சர்க்கார் ஆள் வந்து பத்தாயத்தை அளந்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, மீதியைச் சர்க்காருக்குக் கொடு என்றார்கள். ரேஷன் இல்லாமல் வடக்கே சோறு கிடையாது, அதற்கு நெல் வேண்டும், நியாயம்தான். ஆச்சியின் மாமியார் இரண்டு கோட்டை நெல்லை வைக்கோல் படப்புக்குள் புதைத்து வைத்தாள். ஒரு மழையில் தண்ணீர் இறங்கி, நெல் முழுக்க முளைத்துப்போயிற்று. வெளியே சொல்லவும் முடியாது. ராத்திரியோடு ராத்திரியாக மாட்டுக்குப் போட்டார்கள். "வடக்கே கஞ்சிக்கு இல்லாம சாகுதுவ, இங்க மாடு நெல்லு தின்னுது" என்று சொல்லும்போது ஆச்சிக்குக் குரல் மாறும். அந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக வாசல் பக்கமே மரச்சீனி நட்டார்களாம். கீழாகப் பார்த்த கிழங்கு கொல்லையிலிருந்து முற்றத்துக்கு வந்தது.

அரிசி ஒரே இடத்திலிருந்து கப்பலில் வந்தால் கப்பல் நிற்கும் நாளில் என்ன செய்வது என்ற கேள்வியைப் போருக்கு முன்பே கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் நம் மாவட்டத்திலேயே வேலை செய்திருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. பெயர் ஸ்பென்சர் ஹாட்ச். அமெரிக்கர். ஒய்.எம்.சி.ஏ. அனுப்பி 1920களில் திருவிதாங்கூர் வந்தவர். கிராமங்களில் ஒய்.எம்.சி.ஏ. வேலை தொடங்கியதே நம் சேலத்துக்காரர் கே.டி.பால் யோசனை. ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒரு மையம் அமைத்தார். அவருடைய மனைவி எமிலி அம்மையார் கதகளியைப் பற்றி ஆராய்ச்சி எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார் என்பது உபரிச் செய்தி.

ஹாட்ச் செய்ததில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மையத்தில் இருப்பதெல்லாம் ஏழைக் கிராமத்தானும் தன் வீட்டில் செய்யக்கூடியதாகவே இருக்க வேண்டும் என்றார். பெரிய கட்டடம், பெரிய யந்திரம் எதுவும் கூடாது. பணம் கொடுக்கவும் மாட்டார். கற்றுக்கொடுப்பார், பக்கத்தில் நிற்பார். நாட்டுக் கோழியோடு வெள்ளை லெகார்ன் சேவலைச் சேர்த்து முட்டையைப் பெருக்கினார்கள். ஆனால் முட்டை பெருகினால் என்ன ஆகும்? வீட்டுக்கு நாலு முட்டை வைத்திருக்கிறவள் சந்தைக்குப் போனால் வியாபாரி சொன்னதுதான் விலை. அதற்காக ஊர் ஊராக முட்டை விற்பனைச் சங்கம். முட்டையைச் சேர்த்து, தரம் பிரித்து, மொத்தமாக விற்றார்கள். அதுபோல் பனையேறிகளின் கருப்பட்டி. அக்கானியைச் சுத்தமாகக் காய்ச்சவும், ஈ மொய்க்காமல் கட்டி வைக்கவும் பயிற்சி.

எல்லாவற்றிலும் நிலைத்தது தேன். மரப்பொந்திலும் பானையிலும் கூடு வைக்கும் நம் நாட்டுத் தேனீயைப் பெட்டியில் வளர்க்க, நியூட்டன் என்ற பாதிரியார் திருச்சியில் சிறிய பெட்டி ஒன்று வடிவமைத்திருந்தார். மார்த்தாண்டத்தில் அந்த வேலை பரவியது. அடையைப் பிழிந்து கூட்டையே அழிக்கும் பழக்கம் போய், சட்டத்தை எடுத்துச் சுற்றித் தேனை மட்டும் பிரித்துவிட்டு அடையைத் திரும்ப வைக்கும் முறை வந்தது. சொந்த நிலம் ஒரு சென்ட் இல்லாதவனும் தேனீ வளர்க்கலாம். அடுத்தவன் தோட்டத்தில் ஈ போய் மேயும், எவனும் வரப்புச் சண்டைக்கு வர முடியாது! தேன் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மார்த்தாண்டம் தேன் என்றால் இன்றும் நாடு முழுக்கப் பெயர்.

ஹாட்ச் தன் அனுபவத்தை 1932-இல் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். அதே முப்பதுகளில் வார்தாவில் நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி.குமரப்பா ஏறக்குறைய இதே பொருள்களை, தேன், பனைவெல்லம், கைக்குத்தல் அரிசி என்று கையில் எடுத்துக்கொண்டிருந்தார். குமரப்பா ஒரு படி மேலே போய்க் கணக்கே போட்டார். ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்துக்கு இத்தனை தானியம், இத்தனை பருப்பு, இத்தனை காய், இத்தனை பால் வேண்டும். அதற்கு நிலத்தை இப்படிப் பிரித்துப் பயிரிடு. மிஞ்சினதை மட்டும் வெளியே விற்பாய் என்று. குமாஸ்தாவான எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதை எந்த வட்டாரமும் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. ரப்பர் போட்டால் ஏக்கருக்கு இவ்வளவு என்று பக்கத்து நிலத்துக்காரன் எண்ணிக்கொண்டிருக்கும்போது, லட்சம் பேருக்கான காய்கறிக் கணக்கை நான் மட்டும் எதற்குப் பார்க்க வேண்டும்?

தேனின் பிற்காலக் கதையும் அதைத்தான் காட்டுகிறது. இப்போது குமரி மாவட்டத் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தேன். பூவிலிருந்து இல்லை; மாசி, பங்குனியில் ரப்பர் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து. சீசனுக்குப் பெட்டியைத் தோட்டங்களில் கொண்டுபோய் வைப்பார்கள். தேன் பெருகியது. பெட்டிகளும் நெருக்கமாகப் பெருகின. 1991-92-இல் தாய்லாந்தில் முதலில் கண்டறிந்த ஒரு வைரஸ் நோய் வந்து புழுக்களைக் கொன்றது. பெட்டி பெட்டியாகக் காலி. அப்போது மேல்புறம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் நாற்பது, ஐம்பது காலிப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. வீட்டுக்காரர், "அடுப்பெரிக்க ஆகும் சார்" என்றார். நோயைத் தாங்கிப் பிழைத்த சில கூடுகளிலிருந்து மறுபடி பெருக்கி எடுத்தார்கள். இன்றைக்குத் தேன் கிடைப்பது அந்தச் சில கூடுகளின் புண்ணியம்.

1956 நவம்பர் 1 கதையை இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை; எல்லாருக்கும் தெரிந்தது. (புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து நம் கைக்கு வந்ததும் நவம்பர் 1, 1954-இல். எனக்கு இரண்டு ஊர், இரண்டுக்கும் ஒரே தேதி.) தமிழ் பேசும் நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வேண்டியதுதான், உயிர் கொடுத்து வாங்கியது. ஆனால் சோற்றுக் கணக்கில் பார்த்தால், பானை ஒரு வீட்டிலும் அடுப்பு ஒரு வீட்டிலும் ஆயிற்று. நெல் இந்தப் பக்கம், அதைத் தின்று பழகிய திருவனந்தபுரம் அந்தப் பக்கம். பிறகு மாநிலத்துக்கு மாநிலம் அரிசி போகக் கட்டுப்பாடு வந்தபோது களியக்காவிளைச் சோதனைச் சாவடி பிரபலமாயிற்று.

எழுபதுகளின் நடுவில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பறிமுதல் செய்த அரிசிக்குப் பட்டியல் எழுதும் வேலை எனக்குச் சில மாதம் இருந்தது. லாரி கணக்கில் கடத்தியவர்களை நான் பார்த்ததில்லை. நான் பட்டியல் எழுதியது மூன்று கிலோ, ஐந்து கிலோ. இடுப்பில் துணிப்பை கட்டிக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்து வரும் பெண்கள். ஒரு கிழவி, "எங்க அம்மை காலத்துல இது ஒரே ராஜ்ஜியம் மக்களே, அப்போ இதுக்குப் பேரு கடத்தலா?" என்று என்னிடம் கேட்டாள். 'பெண், வயது சுமார் 60, புழுங்கல் அரிசி 4 கிலோ' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் ஊரைக் குறை சொல்வதாக முடிந்துவிடும்.

நெல் வயல் ஒரே நாளில் மனை ஆவதில்லை. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆள் கூலி கட்டவில்லை என்று ஒரு பூ தரிசு போடுவார்கள். பிறகு ஏத்தன் வாழை வைப்பார்கள். வாழைக்கு இடையில் தென்னம்பிள்ளை வரும். ஓர் ஏலாவின் நடுவில் ஒருவர் தென்னை வைத்துவிட்டால் அடுத்த வயலில் நிழல் விழும், எலி வரும், தண்ணீர் போக வழி அடையும். அவரும் நெல்லை விடுவார். பத்து வருஷத்தில் செம்மண் லாரி வரும். பிறகு கல் ஊன்றி, கொடி கட்டி, 'நகர்' என்று பெயர் வைப்பார்கள். ஒரு கட்டத்தில் காகிதத்தில், இந்த நிலம் இத்தனை ஆண்டாகப் பயிர் செய்யப்படவில்லை, பாசன வசதி இல்லை என்று ஒரு குறிப்பு வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அந்தக் குறிப்பு எழுதும் இருக்கையில் நான் நாலு வருஷம் இருந்தேன். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பொய்யும் எழுதவில்லை, போய்ப் பார்த்தால் நிலம் தரிசாகத்தான் கிடக்கும். ஏன் தரிசு என்று கேட்கும் பத்தி அந்தப் படிவத்தில் இல்லை. எத்தனை குறிப்பு எழுதினேன் என்று எண்ணி வைக்கவில்லை. இன்று பஸ்ஸில் போகும்போது சில நகர்களின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் சர்வே எண் தானாக ஞாபகம் வருகிறது.

பக்கத்துக் கேரளத்தில் 2008-இல் நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். வயல் எல்லாம் போன பிறகு போட்ட சட்டம் என்று அங்கே உள்ளவர்களே கேலி செய்வார்கள். இருந்தாலும் போட்டார்கள்.

1996-இல் எங்கள் வயலின் முறை வந்தது. தேரூர்ப் பக்கம், மனைவி வழியில் வந்த ஒன்றேகால் ஏக்கர். பாட்டத்துக்குப் பார்த்தவர் வயதாகிப் போதும் என்றார். அவர் மகன் வளைகுடாவில் இருந்தான். மூத்த பெண்ணின் கல்யாணம் வந்தது. கடைசி கும்பப்பூ அறுப்பன்று நான் களத்துக்குப் போனேன். மனைவி வரவில்லை. வாங்கியவர் நல்ல மனிதர், ஆசிரியர். அவரோடு இன்னும் பதினோரு பேர் பிரித்து வாங்கினார்கள். காகிதம் எல்லாம் நானே சரி பார்த்தேன். என்னைவிட அந்த வேலை தெரிந்தவர் யார்?

2017 நவம்பர் கடைசியில் ஓகி அடித்ததே, அப்போது நெல்லுக்குப் பதில் வைத்த வாழையும் ரப்பரும் ஒரே இரவில் படுத்துக்கிடந்ததைப் பார்த்தோம். கடலில் போனவர்களின் கணக்குக்கு முன்னால் அதைச் சொல்லவே வாய் வராது. 2020 ஊரடங்கின் முதல் வாரம், வடசேரிச் சந்தைக்கு வெளியூர் லாரி ஒழுங்காக வரவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே யோசனை வந்தது. யார் கொல்லையில் மரச்சீனி நிற்கிறது?

எங்கள் கொல்லையில் இல்லை. அந்த ஆசிரியர் போன் செய்தார். பழைய வயலில் கட்டிய வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் மிச்சம் வைத்து அதில் நட்டிருந்தாராம். பெரிய மூடாக இரண்டு பிடுங்கி, மண்ணோடு சாக்கில் கட்டி, பையனிடம் கொடுத்து அனுப்பினார். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வருஷம் ஒரு சாக்கு வரும். சென்ற மாதமும் வந்தது. பேத்தி தன் நோட்டில் கடைசி வரியாக, 'மரச்சீனி, தேரூர், நமது வயல்' என்று எழுதியிருக்கிறாள். 'நமது' என்ற சொல்லைத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். மனைவி, "விடுங்க, சாளை வந்திருக்கு, போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.